கோஹார்ட் என்றால் என்ன, தமிழில் எப்படிச் சொல்வது?

பொதுச் சுகாதார ஆய்வுகளில் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொல் கோஹார்ட் (cohort). அதுவும் கோர்ட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இலத்தீனில் ‘கோஹோர்ஸ்’ என்றால் வேலி அடைத்த முற்றம், மாடும் கோழியும் நிற்கிற இடம். அந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்து கோர்ட் ஆனது. அடைத்த முற்றம், அரண்மனை முற்றம், அரசன் வழக்குக் கேட்கும் இடம், கடைசியில் நீதிமன்றம் என்று பொருளும் நகர்ந்தது. தேயாமல் வந்த வடிவம்தான் கோஹார்ட். அதன் பின்பாதிக்கு, தோட்டத்தைக் குறிக்கும் ‘ஹோர்ட்டுஸ்’ என்ற சொல் உறவு. ஹார்ட்டிகல்ச்சர் என்பதில் இருப்பதும் அதுதான்.

முற்றத்துக்கு வைத்த பெயர் முற்றத்தில் நிற்பவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. ரோமானியப் படையில் லீஜியன் என்ற பெரும் படையணி ஒவ்வொன்றும் பத்துக் கோஹார்ட்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு கோஹார்ட்டில் ஏறக்குறைய 480 பேர். இந்த மாதிரி நகர்வு நமக்குப் புதிதல்ல. பட்டி என்றால் ஆடுமாடு அடைக்கும் இடம், அந்த ஆடுமாட்டுக் கூட்டமும் பட்டிதான். உசிலம்பட்டி, கோவில்பட்டி என்று ஊரே பட்டியாகிவிட்டது.

ஆங்கிலத்தில் இப்போது கூட்டாளி, கையாள் என்ற பொருளிலும் இச்சொல்லைப் புழங்குகிறார்கள். அது நமக்கு வேண்டாம்.

சரி, பொதுச் சுகாதாரப் பயிலரங்குகளில் மூச்சுக்கு மூச்சு வருகிற கோஹார்ட் எது? ஏதோ ஒரு தொடக்கத்தைப் பொதுவாகக் கொண்ட மனிதர்களின் தொகுப்பு அது. ஒரே ஆண்டில் பிறந்தவர்கள், ஒரே ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே காலாண்டில் காசநோய் சிகிச்சை தொடங்கியவர்கள். தொடக்கத்தில் எல்லாரையும் பெயர் எழுதிக்கொண்டு, அப்புறம் காலத்தோடு கூடவே நடந்து யாருக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. எழுதிய பெயரை அடிக்கக் கூடாது. ஊரை விட்டுப் போனவரும் இறந்தவரும் ‘இனி வராதீர்கள்’ என்று கதவைச் சாத்தியவரும் கணக்கில் இருந்தே ஆக வேண்டும். வேலி அடைத்த முற்றம் என்ற பழைய பொருள் இங்கே ஒருவிதத்தில் உயிரோடிருக்கிறது.

நோய் மக்களிடையே எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் நோய்ப்பரவலியலில் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வேட் ஹாம்ப்டன் ஃப்ராஸ்டைச் சொல்வார்கள். 1930களில் அவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் காசநோய் இறப்புக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 1880 முதல் 1930 வரை, பத்தாண்டுக்கு ஒரு வரிசை, ஒவ்வொன்றிலும் வயதுவாரியாக இறப்பு வீதம். 1930ஆம் ஆண்டு வரிசையை மட்டும் பார்த்தால் காசநோய் முதியவர்களைக் கொல்லும் நோய் போலத் தெரிந்தது. வயது ஏற ஏற உடம்பு தளர்கிறது, நோய் வெல்கிறது என்று எளிதாக விளக்கமும் சொல்லிவிடலாம்.

ஃப்ராஸ்ட் அட்டவணையைக் குறுக்கே படிக்காமல் மூலைவிட்டமாகப் படித்தார். 1880இல் பத்து வயதுக்குள் இருந்தவர்கள் 1890இல் பத்து முதல் இருபதுக்குள் இருப்பார்கள், 1900இல் இருபதுகளில். அவர்களை மட்டும் கட்டம் கட்டமாகத் தொடர்ந்து போனால் படம் தலைகீழாகிறது. குழந்தைப் பருவம் தாண்டிய பிறகு அந்தத் தலைமுறைக்குக் காசநோய் இறப்பு உச்சம் தொட்டது இருபதுகளில். அதன் பிறகு இறங்கிக்கொண்டே வந்தது. 1930இல் முதியவர்களிடம் வீதம் அதிகமாகத் தெரிந்ததற்குக் காரணம் முதுமை அல்ல. காசநோய் கொடிகட்டிப் பறந்த காலத்தில் பிறந்து, அதைச் சிறுவயதிலேயே வாங்கிக்கொண்ட தலைமுறையின் மிச்சம் அவர்கள். அவர்களுடைய இளமையில் நிலைமை இன்னும் மோசம். கட்டுரை அச்சில் வந்தது 1939இல். அதற்கு முந்தைய ஆண்டே ஃப்ராஸ்ட் இறந்துவிட்டார். நார்வேயில் ஆண்ட்வோர்ட் என்பவர் 1930லேயே இதே வழியில் கணக்குப் போட்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எண் மாறவில்லை, படித்த திசை மட்டும் மாறியது. கோஹார்ட் என்ற கருத்து ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு வந்தவை பெரிய ஆய்வுகள். அதே மாசசூசெட்ஸில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் தொடங்கிய இதயநோய் ஆய்வில் முதல் சுற்றில் 5,209 பேர். பிரிட்டனில் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் 1951இல் மருத்துவர்களுக்கே கடிதம் போட்டுப் புகைப்பழக்கம் பற்றிக் கேட்டார்கள். பதில் தந்த ஆண் மருத்துவர்கள் 34,439 பேரை 2001 வரை, ஐம்பது ஆண்டு, தொடர்ந்தார்கள். விடாமல் புகைத்தவர்களின் ஆயுள் சுமார் பத்தாண்டு குறைந்தது என்று தெரிந்தது அப்படித்தான்.

நம் பக்கத்தில் வேலூரைச் சொல்லியாக வேண்டும். 1969 முதல் 1973 வரை வேலூரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளைப் பதிவு செய்து, அவர்கள் வளர்ந்து ஆளான பிறகு நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் பரிசோதித்த ஆய்வு ஒன்று. இன்னொன்று, 2002 வாக்கில் வேலூர்க் குடிசைப் பகுதிகளில் பிறந்த குழந்தைகளை வைத்து ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்கைப் பற்றி ககன்தீப் காங் குழுவினர் நடத்தியது. களப்பணியாளர்கள் வீடு வீடாக அடிக்கடி போய்ப் பார்த்தார்கள். சேர்த்த குழந்தைகள் 452, மூன்று ஆண்டு முழுவதும் நின்றவர்கள் 373. ஒருமுறை தொற்று வந்தால் மறுமுறைக்குப் பாதுகாப்பு என்பது முன்பு மெக்சிகோவில் நடந்த ஆய்வில் கண்ட அளவுக்கு இங்கே இல்லை என்ற முடிவு தடுப்பூசிப் பேச்சில் பெரிதும் அடிபட்டது. என் கண் போவது அந்த 452க்கும் 373க்கும் இடையில். இடம்பெயர்ந்தவர்களையும் விலகியவர்களையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள் அல்லவா, கோஹார்ட் ஆய்வின் நாணயம் அங்கேதான் இருக்கிறது.

காசநோய்த் திட்டப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு காலாண்டில் சிகிச்சை தொடங்கிய அத்தனை பேரும் ஒரு கோஹார்ட். பின்னால் ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு முடிவு எழுதியாக வேண்டும்: குணமானார், இறந்தார், சிகிச்சை பலிக்கவில்லை, பாதியில் விட்டுவிட்டார். கடைசி வகையைக் கழற்றிவிட்டுக் கணக்குப் போட்டால் வெற்றி வீதம் ஜோராக இருக்கும், ஆனால் பொய். பின்னத்தில் பகுதி எண், அதாவது கீழே இருக்கும் எண், அசையக் கூடாது.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். அகராதியைப் புரட்டினால் ‘படைப்பிரிவு’ கிடைக்கும். நெஞ்சுவலி ஆய்வில் சேர வந்த பெரியவரிடம் ‘நீங்கள் எங்கள் படைப்பிரிவில் இருக்கிறீர்கள்’ என்றால் ஓடிவிடுவார். ‘குழு’ என்று மட்டும் எழுதுகிறவர்கள் பலர். குழு எதற்கும் பொருந்தும். மகளிர் சுய உதவிக்குழுவும் குழு, விசாரணைக் குழுவும் குழு. கூடத் தொடர்ந்து போகிற செய்தி அதில் இல்லை. ‘தொகுதி’ என்றால் சட்டமன்றம் நினைவுக்கு வரும். போதாக்குறைக்குப் பின்னத்தில் மேலே இருப்பதும் தொகுதி, கோஹார்ட்டோ கீழே இருக்க வேண்டியது. ‘மந்தை’ நல்ல சொல்தான். கொரோனா காலத்தில் ‘மந்தை எதிர்ப்பாற்றல்’ என்று எழுதப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டதை மறக்க முடியுமா?

பேச்சுத் தமிழில் இதற்கு நெருங்கிய சொற்கள் உண்டு. ‘அவன் எங்க செட்டு’, ‘நான் 2010 பேட்ச்’. பேட்ச் என்பது ஆங்கிலத்தில் ஒரு தடவை அடுப்பில் வைத்துச் சுட்டெடுத்த ரொட்டியைக் குறித்த சொல். தமிழில் அதற்கு ‘ஈடு’ இருக்கிறது: முதல் ஈடு இட்லி, இரண்டாம் ஈடு இட்லி. ஒன்றாக உள்ளே போய் ஒன்றாக வெந்தவை. வகுப்பில் விளக்குவதற்கு ஈடு கைகொடுக்கும். ஆய்வுத் தலைப்பில் வைத்தால் ‘ஈடு’ என்றதும் அடகும் இழப்பீடும் வந்து நிற்கும் என்பதால் அங்கே தயங்குகிறேன்.

எழுத்துக்கு நான் பயன்படுத்துவது ‘தொடர்குழு’. தொடர்ந்து பார்க்கப்படும் குழு. தொலைக்காட்சித் தொடரை நினைவுபடுத்துகிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். சேர்த்து எழுதினால் அந்தக் குழப்பம் வராது. கூட்டுச்சொற்களுக்கும் வளைகிறது: பிறப்புத் தொடர்குழு, தொடர்குழு ஆய்வு, முன்னோக்கிய தொடர்குழு ஆய்வு. ‘பின்னோக்கிய தொடர்குழு ஆய்வு’ முரணாகத் தோன்றும், முரண் இல்லை. ஆலையின் பழைய வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர்களை எடுத்து, அன்று முதல் இன்றுவரை அவர்களுக்கு என்ன ஆனது என்று பதிவுகளில் தேடுவார்கள். ஆய்வாளர் திரும்பிப் பார்க்கிறார் என்றாலும் கதை முன்னோக்கித்தான் ஓடுகிறது. நோயாளியிலிருந்து தொடங்கிக் காரணத்தைத் தேடிப் போகும் கேஸ்-கன்ட்ரோல் ஆய்வுக்கும் இதற்கும் வேறுபாடு அதுதான். ஒரே நாளில் எல்லாரையும் அளந்துவிட்டு வரும் குறுக்குவெட்டு ஆய்வு வேறு, அதைத் தொடர்குழு என்று எழுதக் கூடாது. முதுகலை ஆய்வேடுகளில் இந்தத் தவறு சாதாரணம்.

ஒப்புதல் படிவத்தில் கோஹார்ட்டும் வேண்டாம், தொடர்குழுவும் வேண்டாம். அங்கே ‘மூன்று ஆண்டுகள், மாதம் ஒருமுறை உங்கள் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்ப்போம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம்’ என்று எழுதிவிடுங்கள்.