ஹெப்பற்றிக்கா: பூவின் பெயரில் ஈரல் வந்த கதை

நம் ஊரில் செங்கண்மாரியைத் தரும் ஈரல் அழற்சியை ஆங்கில வைத்தியத்தில் ஹெப்பரைற்றிஸ் என்பார்கள். குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் போற்றி வளர்க்கும் ஹெப்பற்றிக்காவின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். கிரேக்க மொழியில் 'ஹேப்பர்' என்றால் கல்லீரல். 'ஹேப்பற்றிக்கோஸ்' என்றால் ஈரலைச் சார்ந்தது. அது இலத்தீனுக்குப் போய்ப் பெண்பால் ஈறு பெற்று 'ஹெப்பற்றிக்கா' ஆனது. வைத்திய நூல்களில் ஈரலைக் குறிக்கும் 'யகிருது' என்ற வடசொல்லும் கிரேக்க ஹேப்பரும் ஒரே மூதாதைச் சொல்லின் பிள்ளைகள். தமிழ்நாட்டுப் பக்கம் 'ஹெபாடிகா' என்று எழுதுகிறார்கள், இரண்டும் ஒன்றே.

பூவை எவ்வளவு பார்த்தாலும் இந்தப் பெயருக்குக் காரணம் கிடைக்காது. இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தோல்போல் தடித்த இலை, மூன்று சோணை. மேலே கரும்பச்சை, அடியில் செந்தவிட்டு ஊதா. இறைச்சிக் கடையில் தொங்கும் ஆட்டீரலின் நிறமேதான். பூத்து முடிந்த பிறகு வரும் இளந்துளிர் மட்டும் வெளிர்பச்சையாய், பஞ்சுபோன்ற மயிரோடு சுருண்டிருக்கும். ஆண்டு முழுவதும் தாங்கிய பழைய இலையில்தான் ஈரல் நிறம் தெளிவாகத் தெரியும்.

எந்த உறுப்பைப்போல் மூலிகை இருக்கிறதோ அந்த உறுப்புக்கே அது மருந்து என்று ஐரோப்பாவில் ஒரு காலம் நம்பினார்கள். பராசெல்சஸ் என்ற வைத்தியர் இதைச் சொன்னார். இத்தாலியரான போர்ற்றா 1588இல் இதை ஒரு நூலாகவே விரித்தார். ஈரல்போல் இலை, ஆகவே ஈரல் மருந்து! ஆனால் அந்த மருத்துவ நம்பிக்கை சோதனையில் நிற்கவில்லை. பச்சைச் செடியை நசுக்கும்போது உண்டாகும் புரோட்டோஅனிமோனின் என்ற நச்சுப்பொருள் வாயையும் வயிற்றையும் எரிக்கும். பெயரை நம்பி, கீழ்க்காய்நெல்லியை அவிப்பதுபோல் இதைச் செங்கண்மாரிக்கு அவித்துக் குடிக்கக் கூடாது. செடியைப் பிரிக்கும்போது சாறு தோலில் பட்டாலும் சிலருக்குக் கடுக்கும். கையுறை போடுவது நல்லது.

இதே ஈரல் இன்னொரு தாவரக் கூட்டத்துக்கும் பெயர் கொடுத்துக் குழப்பம் செய்திருக்கிறது. நுவரெலியாப் பக்கம் ஈரமான கான் ஓரத்திலும் பூச்சட்டி மண்ணிலும் பச்சைத் தோல் விரித்ததுபோல் ஒன்று படரும். உயர்தர உயிரியல் படித்தவர்களுக்குத் தெரிந்த மார்க்கான்சியா. அந்தக் கூட்டத்தையும் பழைய நூல்கள் ஹெப்பற்றிக்கே என்றே அழைத்தன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஈரற்பூண்டு என்ற ஒரே பெயர் வழங்கியது. ஆனால் மார்க்கான்சியாவுக்குப் பூவும் இல்லை, வித்தும் இல்லை. அது பாசிக்குச் சொந்தம். ஹெப்பற்றிக்கா அனிமோனியின் குடும்பத்துப் பூச்செடி. அதன் உறவினரைக் காண ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. அனிமோனி ரிவுலாரிஸ் நம் மலைநாட்டிலேயே காட்டுச்செடியாக வளர்கிறது.

தமிழில் என்ன சொல்வது? 'ஈரற்பூ' சரியாகாது, ஈரலின் சாயல் பூவில் இல்லை. 'ஈரற்பூண்டு' என்றால் மார்க்கான்சியாவோடு மறுபடி குழம்பும். 'கல்லீரலிலை' பிழையில்லை, ஆனால் நாக்கில் இழுபடுகிறது. மண்ணீரல், நுரையீரல் எல்லாம் இருந்தாலும் கடையில் வெறுமனே ஈரல் என்று கேட்டால் கல்லீரலைத்தான் தருவார்கள். ஆகவே 'ஈரலிலை' போதும். எலிக்காதிலை என்று இலையின் சாயலை வைத்துப் பெயரிடுவது நம் வழக்கத்தில் ஏற்கெனவே உள்ளதுதான்.

ஜப்பானியர் வேறு வழியில் போனார்கள். அவர்கள் சொல்லும் 'யுக்கிவரிசோ' என்பதற்கு வெண்பனியைப் பிளந்து வரும் பூண்டு என்று பொருள். இதைப் 'பனிபிளந்தான்' என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் நம் மலையில் பனி என்றால் மூடுபனி, அல்லது தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் தை மாதத்து உறைபனி. முழங்கால் உயரம் கொட்டிக் கிடக்கும் வெண்பனி யாருக்கும் நினைவில் வராது. ஜப்பானில் நீகாற்றாப் பகுதிதான் இதன் பெரிய சேகரிப்பு நிலம். ஒற்றைப் பூவிலிருந்து மூன்றடுக்கு, ஆயிர அடுக்கு வரை பூவின் வடிவத்தை வைத்தே அங்கு வகை பிரிக்கிறார்கள். வண்ண இதழாய்த் தெரிவது அல்லியே அல்ல, நிறம் பெற்ற புல்லி. புல்லிபோல் அடியில் நிற்கும் மூன்று பச்சைத் துண்டுகள் பூவடி இலைகள்.

தாவரவியலாளர் இலின்னேயஸ் 1753இல் இதை அனிமோனிக்குள் வைத்தார். ஆங்கிலேயத் தோட்டக்கலைஞர் மில்லர் 1754இல் ஹெப்பற்றிக்கா என்று தனிப் பேரினமாக்கினார். இன்றும் சிலர் திரும்ப அனிமோனியிலேயே சேர்ப்பதால் விற்பனைப் பட்டியல்களில் இரண்டு பெயரும் வரும். வாங்குபவர் பார்க்க வேண்டியது தாவரவியல் பெயரின் இரண்டாம் சொல்லைத்தான், ஏனென்றால் மண் விஷயம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. 'அக்கியூற்றிலோபா' என்றால் கூர்ச்சோணை. அமெரிக்கச் சுண்ணாம்பு மண்ணை விரும்பும். 'அமெரிக்கானா' மழுங்கிய சோணை. புளிப்பு மண்ணையும் தாங்கும். 'திரான்சில்வானிக்கா' ருமேனிய மலைக்காடு. இலை ஓரம் பல்லுப் பல்லாய் இருக்கும். தேயிலை மண்ணின் பி.எச். (புளிப்பு அளவு) பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை என்பதால், நிலத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்படுபவர் அமெரிக்கானாவில் தொடங்கட்டும். மற்றவை சட்டிக்கே.

சட்டி 12 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழம் வேண்டும். கம்பிபோன்ற கருவேர் கீழேதான் ஓடும். அரித்த கருங்கல் சல்லி இரண்டு பங்கு, கழுவிய ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலை ஒரு பங்கு. கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைக்குப் போடும் டொலமைற் சுண்ணாம்புத் தூளை 10 லீற்றர் கலவைக்கு 20 கிராம் அளவில் சேர்த்துப் புளிப்பைக் குறைக்கலாம். தேயிலைத் தோட்ட மண்ணை அப்படியே அள்ளிப் போட்டால் தென்மேற்கு மழையில் களியாகி, வேர்த்தண்டுக் கிழங்கு அழுகும். வைகாசி முதல் மழை ஓயும் வரை கூரைக்கடியில் வைக்க வேண்டும். வெயிலைப் பாதிக்கு மேல் மறைக்கும் நிழல் வலை தேவை. நத்தை மொட்டைத்தான் முதலில் தின்னும்.

உண்மையான இடர் குளிர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் அங்கே குளிர்காலம் என்று ஒன்று இல்லை. சில இரவுகளில் மட்டும் தரையில் பனி உறையும். செடி உயிரோடு இருக்கும், இலை விடும், ஆனால் கிழங்கின் நுனியில் உருண்டு திரண்ட பூமொட்டு அசையாமல் கிடக்கும் (இலைமொட்டு மெலிந்து நீண்டிருக்கும், விரலால் தடவினாலே வேறுபாடு தெரியும்). கார்த்திகைத் தொடக்கத்தில் சட்டியைத் துளையிட்ட பொலித்தீன் பையில் போட்டு, பிரிஜ்ஜில் 2 முதல் 5 பாகை செல்சியசில் எட்டுப் பத்து வாரம் வைக்க வேண்டும். மண் கசிவாக இருந்தால் போதும், நனைந்திருக்கக் கூடாது. வாரம் ஒருமுறை பையைத் திறந்து, சாம்பல் பூஞ்சை பிடித்த இலையை வெட்டி எறிய வேண்டும். அதே பெட்டியில் வாழைப்பழமும் தக்காளியும் வைத்தால் அவற்றிலிருந்து வரும் எதிலீன் வாயு மொட்டைக் கெடுக்கும். இப்படி வைத்தால் ஊரின் மிகக் குளிர்ந்த காலமான தை மாதத்தில் வெளியே எடுக்கலாம். மூட்டமான நாளில் பூ மூடியே இருக்கும், அது நோயல்ல.

வித்துக்குப் பொறுமை வேண்டும். பச்சையாக இருக்கும்போதே, தொட்டதும் உதிரும் பதத்தில் எடுத்து, சில நாட்களுக்குள் விதைக்க வேண்டும். காய வைத்தால் பெரும்பாலும் செத்துவிடும். உதிரும் வித்தில் முளையம் முழுதாக வளர்ந்திருக்காது. நுவரெலியாவின் சாதாரண வெப்பத்தில் மூன்று மாதம் இருந்தால் வேர் இறங்கும். அதன்பின் மூன்று மாதம் பிரிஜ். பிறகுதான் வித்திலை மேலே வரும். முதல் உண்மையான இலை பெரும்பாலும் அடுத்த ஆண்டு. பூ மூன்று முதல் ஐந்து ஆண்டில். 'பல்லார்டியை' என்ற கலப்பினம் வித்தே தராது. பிரித்துத்தான் பெருக்க வேண்டும். பூத்து முடிந்ததும், ஒரு துண்டில் மூன்று மொட்டாவது இருக்கும்படி கூரிய கத்தியால் வெட்ட வேண்டும். ஒற்றை மொட்டாய் நறுக்கினால் இரண்டாண்டு முடங்கிக் கிடக்கும்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பவர், இலங்கையின் 1999ஆம் ஆண்டு 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் பெற வேண்டும். வேரிலிருந்து மண்ணை முழுவதும் கழுவிய செடியையே கேளுங்கள். வந்ததும் பெயர்ச்சீட்டு எழுதுங்கள்: மேலே ஈரலிலை, கீழே தாவரவியல் பெயர், வகை, வந்த ஆண்டு. பேனா மை நம் மலைத் தூறலில் ஓர் ஆண்டுகூட நிற்காது. பென்சிலால் எழுதிச் சட்டியின் உள் விளிம்பில் ஆழமாகக் குத்திவிடுங்கள்.