பணிப்பரண்: 'ஆக்சஸ் பிளாட்பார்ம்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

உயரத்தில் வேலை செய்ய ஏறி நிற்கும் தளத்துக்கு ஆங்கிலத்தில் ஆக்சஸ் பிளாட்பார்ம் என்று பெயர். பஸ் பாடி கட்டும் பட்டறையில் "பிளாட்பாரத்தைத் தள்ளிட்டு வா" என்று குரல் கொடுத்தால் வந்து சேருவது எதுவாகவும் இருக்கலாம். சக்கரம் வைத்த இரும்பு ஏணி வரலாம், ஆங்கிளில் வெல்டிங் செய்த உயரமான ஸ்டூல் வரலாம். நான் வேலை பழகிய இடத்தில் இரண்டு டிரம்மும் ஒரு பலகையும் வரும். கூரைத் தகட்டுக்கு ரிவெட் அடித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், அடித்த வரிசை நேராக இருக்கிறதா என்று பார்க்க ஓரடி பின்னால் வைத்தார். பலகை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. மணிக்கட்டு முறிந்து மூன்று மாதம் வீட்டில் இருந்தார். அந்தப் பலகைக்கும் பெயர் பிளாட்பாரம்தான். அன்றிலிருந்து இந்தச் சொல்லை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

பிளாட்பார்ம் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். தட்டை என்பதற்கான சொல்லும் வடிவம் என்பதற்கான சொல்லும் சேர்ந்தது. ஆங்கிலத்தில் தொடக்க காலத்தில் தரைப்படத்தையும், அதாவது இன்று நாம் பிளான் என்கிறோமே அதையும், இது குறித்தது. நம் ஊருக்கு ரயிலோடு வந்து பிளாட்பாரம் ஆனது. அப்புறம் சாலையோர நடைபாதைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கே போனாலும் அது சொல்வது ஒன்றுதான்: தட்டையான இடம். உயரத்தைப் பற்றியோ விழாமல் நிற்பதைப் பற்றியோ அதில் எதுவும் இல்லை.

ஆக்சஸ் என்பது சென்று சேரும் வழி. பட்டறைப் பேச்சில் இந்தப் பாதிதான் உதிர்ந்துபோகிறது. உயரத்தில் நிற்க இடம் போட்டுவிட்டு, அதில் ஏற டயரை மிதித்துத் தாவு என்றால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 32ஆம் பிரிவில் இரண்டையும் தனித்தனியாகவே கேட்டது: வேலை செய்யும் ஒவ்வொரு இடத்துக்கும் பாதுகாப்பான வழி வேண்டும், விழ வாய்ப்புள்ள உயரம் என்றால் தடுப்போ வேறு ஏற்பாடோ வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அணுகுமேடை' சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. அதிகாரியை அணுகலாம், பிரச்சினையை அணுகலாம். பஸ் கூரையை யாரும் அணுகுவதில்லை, ஏறுகிறோம். மேடை, மேடு என்பதன் உறவுச்சொல், அதனால் உயரம் அதில் இருக்கிறது. ஆனால் மேடை என்றதும் கல்யாண மேடையும் கூட்ட மேடையும்தான் கண்ணுக்குள் வரும். அவற்றின் முன்பக்கம் திறந்தே இருக்கும். நமக்கு ஆகவே ஆகாத வடிவம் அது.

சாரம் நல்ல சொல். சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் பிணைத்துச் சுவரோடு சார்த்திக் கட்டுவது. தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக் கல்லை ஏற்றச் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டினார்கள் என்று இன்றும் சொல்வார்கள். அந்தச் செவிவழிக் கதையில் சாரம் என்பது நீண்ட சரிவுப் பாதை. ஆனால் சாரம் கட்டிப் பிரிக்கும் பொருள். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் ஒரே வேலைக்கு நிற்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. இலங்கையிலோ சாரம் என்றால் இடுப்பில் கட்டும் கைலி.

எனக்குப் பிடித்த சொல் பரண். வீட்டில் பாத்திரம் ஏற்றி வைக்கும் பரணை விடுங்கள், காட்டுக்குள் காவலுக்குக் கட்டும் பரணைச் சொல்கிறேன். சங்க காலத்தில் அதற்கு இதணம் என்று பெயர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 'சேணோன் இழைத்த புலியஞ்சு இதணம்' என்கிறார். உயரத்தில் இருப்பவன் மரத்தின்மேல் கட்டிய, புலியும் அஞ்சும் பரண். தலைவி அதில் ஏறித் தழல், தட்டை, குளிர் என்ற கருவிகளால் தினைப்புனத்துக் கிளிகளை ஓட்டுகிறாள். யார் ஏறுவார், என்ன வேலை செய்வார், எந்த ஆபத்து வரும் என்று பார்த்து, அந்தப் புனத்துக்கென்றே கட்டியது. தேவைக்கு அளவெடுத்துச் செய்வதை ஆங்கிலத்தில் 'கஸ்டம்' (custom) என்கிறோமே, அது இதுதான்.

பஸ்ஸுக்கு அப்படி ஒன்று செய்வோம். கூரை விளிம்பு தரையிலிருந்து 3.1 மீட்டர் என்று வையுங்கள். பரணின் தளத்தை 2 மீட்டரில் போட்டால் விளிம்பு இடுப்புக்கு மேல் நிற்கும். குனியவும் வேண்டாம், எட்டவும் வேண்டாம். ஒவ்வொரு மாடலுக்கும் அகலம் மாறும் என்பதால், பஸ் பக்கம் முன்னும் பின்னும் நகரும் பலகைகள் வைத்து இடைவெளியை மூட வேண்டும். பஸ் நிற்கும்வரை அதுவே ஒரு பக்கச் சுவர். வண்டி வெளியே போனதும் அந்தப் பக்கம் வெறும் பள்ளம். அதற்குப் போட்டு எடுக்கும் தடுப்புக் கம்பி தனியாக வேண்டும். இதை மறக்கிறவர்கள்தான் அதிகம்.

இயந்திரங்களில் ஏறும் வழிகளுக்கான ஐஎஸ்ஓ 14122 தரம், அரை மீட்டருக்கு மேல் விழ வாய்ப்பிருந்தாலே கைத்தடுப்பு கேட்கிறது: உயரம் 1,100 மி.மீ., நடுவில் ஓர் இடைக்கம்பி, தளத்தை ஒட்டி 100 மி.மீ. கால்தடுப்பு. கால்தடுப்பு மேலே நிற்பவருக்கு மட்டுமானதில்லை. உருண்டு வரும் ஸ்பேனர் கீழே இருப்பவர் தலையில் விழாமல் தடுப்பதும் அதுதான். ஏறுபவர் கையில் டிரில்லும் ரிவெட் டப்பாவும் இருக்கும், ஆகவே நெட்டுக்குத்தான ஏணி வேண்டாம், படிக்கட்டு போடுங்கள். 30 முதல் 38 டிகிரி சாய்வு வசதியானது.

இப்போது என் வரைபடங்களில் 'கூரைப் பணிப்பரண், இடப்பக்கம்' என்று எழுதுகிறேன். பையன்கள் அதையும் சுருக்கிப் 'பரண்' ஆக்கிவிட்டார்கள். "பரண்ல கம்பி போட்டாச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுக்கிறார்கள்.