மின்சாரம் போனாலும் பத்து மூட்டை தொலையாதது எப்படி?

சுன்னாகத்தில் பலசரக்குக் கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "களஞ்சியத்திலிருந்து கடைக்குப் பத்து மூட்டை அரிசியைக் கணினியில் மாற்றிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. யூ.பி.எஸ்ஸும் கைவிட்டுவிட்டது. திரும்பப் போட்டுப் பார்த்தால் மொத்தத்தில் ஒரு மூட்டைகூடப் பிசகவில்லை. எப்படி?" 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட இலங்கையில் நியாயமான கேள்விதான்.

பெரிய நிறுவனத்தில் விற்பனையைப் பதியக் காசாளர், இருப்பைப் பார்த்துக் கொள்முதலைத் தீர்மானிக்க முகாமையாளர், தரவுத்தளத்தைக் காக்க அதற்கென்றே ஒரு நிர்வாகி என ஆள் ஆளுக்கு வேலை உண்டு. எங்கள் ஊர்க் கடைகளில் இம்மூவரும் முதலாளியின் மகன்தான். யாராக இருந்தாலும் நம்பியிருப்பது பழைய கணக்கப்பிள்ளைகளின் ஒரு பழக்கத்தை: முதலில் நடந்ததை நடந்த வரிசையில் நாளேட்டில் எழுது, பிறகு ஒவ்வொன்றின் இருப்பையும் காட்டும் பேரேட்டில் ஏற்று.

கணினியின் பேரேடு தரவுத்தளம். மின்சாரம் போனாலும் அழியாத வட்டில் இருக்கும் அதைத் தொடுமுன், வட்டிலேயே உள்ள நாளேட்டில் இலக்கமிட்டு வரி எழுதியாக வேண்டும். வரி 41: களஞ்சியம் 120லிருந்து 110. வரி 42: கடை 15லிருந்து 25. அடுத்து 'முடிந்தது' என்ற வரி. அதுவும் வட்டில் பதிந்த பிறகே திரையில் 'சரி' என்று காட்டும்.

42க்குப் பிறகு மின்சாரம் போனது என்று வைத்துக்கொள்வோம். பேரேட்டின் பக்கங்கள் முதலில் மாறுவது மின்சாரம் போனால் அழிந்துவிடும் நினைவகத்தில்; வட்டுக்குப் போவது பிறகுதான். ஆகவே எந்தப் பக்கம் வட்டுக்குப் போனது, எது நினைவகத்திலேயே அழிந்தது என்று தெரியாது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சி. மோகனும் ஐ.பி.எம். சகாக்களும் 1992இல் விரிவாக எழுதிய 'ஏரீஸ்' முறைப்படி, கணினி விழித்தெழுந்ததும் நடந்த எல்லாவற்றையும், அரைகுறையாக நின்றதையும் சேர்த்து, மறுபடி செய்கிறது! ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாக ஏறிய வரியின் இலக்கம் இருப்பதால், ஏறியது இரண்டாம் தடவை ஏறாது. மின்சாரம் போன அந்தக் கணம் அப்படியே மீண்டுவிட்டது. 'முடிந்தது' இல்லாதவற்றை இனிக் கடைசியிலிருந்து திருப்ப வேண்டும்.

திருப்புவதையும் அது நாளேட்டில் எழுதுகிறது. வரி 43: 42ஐத் திருப்பியாயிற்று, கடை 15. அந்த நொடியே மறுபடி மின்சாரம் போனால்? எங்களுக்குப் பழக்கமானதுதானே. அடுத்த முறை 43 வரை ஓடிப்பார்த்து, மிச்சம் 41 மட்டுமே என்று அறிந்து அதைத் திருப்பும். நூறு தடவை அறுந்தாலும் செய்த வேலை வீணாவதில்லை. இத்தனை அடக்கமான புத்திசாலித்தனத்தை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

ஆனால் வட்டே பழுதானால் நாளேடும் சேர்ந்து போய்விடும். வாணி விழாவுக்குக் கணினிக்குச் சந்தனப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; பொட்டை நம்பி, பிரதி எடுக்காமல் விடுவதில்தான் கோபம். பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள்.

அந்த வாசகரின் கணினியிலும் 'முடிந்தது' வரி வட்டில் பதியுமுன் மின்சாரம் போயிருந்தால், பிறகு 120, 15 என்றே காட்டியிருக்கும். மூட்டைகள் அதற்குள் லொறியில் ஏறியிருந்தால், மாற்றத்தை அவர்தான் மறுபடி பதிய வேண்டும்.