ஷாம்பு கெடாமல் இருக்க: பிரிசர்வேட்டிவும் பி.எச். அளவும்

சிறிய அளவில் ஷாம்பு, ஃபேஸ்வாஷ், லோஷன் தயாரிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கெடாமல் காக்கும் பிரிசர்வேட்டிவாக சோடியம் பென்சோயேட் சரியான அளவில்தான் போட்டேன், ஆனாலும் சில வாரங்களிலேயே மூடிக்கு அடியில் கறுப்புப் புள்ளி வந்துவிட்டதே, ஏன்?" போட்ட அளவு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பிழை பி.எச். அளவில், அதாவது அமிலத்தன்மையில் இருக்கும் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). அதை அளந்தே பார்த்திருக்க மாட்டார்கள். பிரிசர்வேட்டிவைக் கடைசியில் ஒரு சிட்டிகை தூவுகிற பொருளாக நினைப்பதுதான் இந்தத் தொழிலில் நாங்கள் பார்க்கிற மிகப் பெரிய தவறு. எந்தப் பிரிசர்வேட்டிவ் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்றபடி அமைக்க வேண்டும்.

சாதாரண ஷாம்பு ஒரு கிலோவில் 800 கிராமுக்கு மேல் தண்ணீர். கிருமி வளர அது போதும். காய்ச்சி வடித்த தண்ணீரிலேயே பெருகக்கூடிய சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அந்த இனத்தில் சில, நுரை தரும் சர்ஃபாக்டன்டையே தின்று வாழும். "ஷாம்புவே அழுக்கை நீக்குவதுதானே, அதில் எப்படிக் கிருமி வளரும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கெட்ட வாடை வந்தால்தான் கெட்டது என்று அர்த்தமில்லை. ஒரு கிராமில் லட்சக்கணக்கில் சூடோமோனாஸ் இருக்கும் ஷாம்புகூடப் பார்க்கத் தெளிவாக, வாசனையாக இருக்கலாம். குளிக்கும்போது அது கண்ணில் பட்டு, கருவிழியில் சிறு கீறலும் இருந்தால் பார்வைக்கே ஆபத்து. பர்க்கோல்டீரியா செபாசியா என்ற இன்னொரு பாக்டீரியா, நுரையீரல் நோயாளிகளுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் கடுமையான தொற்றைத் தரும். பிரிசர்வேட்டிவ்களைத் தாங்கிக்கொள்வதில் அதற்குப் பெயரே உண்டு.

தண்ணீரே இல்லாத தலை எண்ணெய், தைலம், பாம் போன்றவற்றுக்குப் பிரிசர்வேட்டிவ் தேவையில்லை. அவை கெடுவது எண்ணெயில் சிக்கு வாடை பிடிப்பதால். அதைத் தள்ளிப்போடத்தான் வைட்டமின் ஈ. அது காற்றால் எண்ணெய் கெடுவதைத் தடுக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. வைட்டமின் ஈ போட்டுவிட்டு லோஷனைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பவர்கள் இன்றும் நிறையப் பேர்.

இனி பென்சோயேட்டுக்கு வருவோம். கிருமியின் செல்லுக்குள் நுழைந்து வேலை செய்வது பென்சாயிக் அமிலம். உப்பு வடிவில் இருக்கும் பென்சோயேட்டால் அந்தச் செல்லின் சவ்வை எளிதில் தாண்ட முடியாது. எவ்வளவு பங்கு அமிலமாக மாறும் என்பதைத் தீர்மானிப்பது பி.எச். அளவு. 5 கிராம் சோடியம் பென்சோயேட் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பி.எச். 4.2 என்றால் அதில் பாதி, அதாவது 2.5 கிராம் வேலை செய்யும் வடிவில் இருக்கும். 5 என்றால் 0.7 கிராம். 6 என்றால் வெறும் 0.08 கிராம். அளவு ஒன்றுதான், ஆனால் 5க்கும் 6க்கும் இடையில் பாதுகாப்பு எட்டில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இன்னொரு பிரிசர்வேட்டிவான பொட்டாசியம் சார்பேட்டும் இதே கதைதான், கொஞ்சம் தாராளம்: பி.எச். 5ல் சுமார் 36 சதவீதம் வேலை செய்யும், 6ல் 5 சதவீதம்தான். அதனால் இந்த இரண்டையும் நம்பிச் செய்கிற ஷாம்பு 5ஐத் தாண்டவே கூடாது. ரொம்பக் கீழேயும் போகக் கூடாது. ஷாம்புவில் நுரை தரும் சோடியம் லாரத் சல்ஃபேட் அமிலத்தில் மெல்ல உடையும். அது உடைய உடைய அமிலம் கூடும், கூடக் கூட இன்னும் வேகமாக உடையும். 4.7 முதல் 5.0 வரை வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு கிலோ ஷாம்புவை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். 28 சதவீத சோடியம் லாரத் சல்ஃபேட் திரவம் 350 கிராம், 30 சதவீத கோகமிடோப்ரொப்பில் பீட்டெய்ன் 120 கிராம். இவற்றில் உண்மையான சர்ஃபாக்டன்ட் 98 கிராமும் 36 கிராமும், ஆக 134 கிராம். அதாவது 13.4 சதவீதம். இந்தக் கணக்கைப் போடாமல், 70 சதவீதப் பேஸ்ட்டை 28 சதவீதத் திரவத்துக்கு ஈடாக அதே எடையில் ஊற்றிவிட்டுக் கண் எரிகிறது, தலை வறள்கிறது என்று தவிப்பவர்கள் உண்டு. மேலும் கிளிசரின் 20 கிராம், சிக்கெடுக்க பாலிகுவாட்டர்னியம்-10 2 கிராம், ஈ.டி.டி.ஏ. டைசோடியம் உப்பு 1 கிராம், சோடியம் பென்சோயேட் 5 கிராம், பொட்டாசியம் சார்பேட் 2 கிராம், வாசனை 5 கிராம், தேவைக்கு உப்பும் சிட்ரிக் அமிலமும், மீதி தண்ணீர்.

வரிசை முக்கியம். முதலில் தண்ணீரில் பாலிகுவாட்டர்னியத்தைக் கலக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெளியே ஊறி உள்ளே காய்ந்த கட்டிகள் நிற்கும், அவை பிறகு கரையவே கரையாது. அது முழுக்க ஊறித் தெளிந்த பிறகு ஈ.டி.டி.ஏ., பென்சோயேட், சார்பேட். இவை கரைந்த பிறகு கிளிசரின், பீட்டெய்ன், கடைசியாக லாரத் சல்ஃபேட். நுரை எழாதபடி மெதுவாகக் கலக்க வேண்டும்.

சிட்ரிக் அமிலம் சேர்க்கும் நேரம்தான் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டிய நேரம். சர்ஃபாக்டன்ட் சேர்ப்பதற்கு முன்பே, வெறும் தண்ணீரில் கரைந்திருக்கும் பென்சோயேட்டில் அமிலத்தை ஊற்றினால், ஊற்றிய இடத்தில் பால் போல வெண்மை படரும். அடுத்த நிமிடம் ஊசி ஊசியாக மினுங்கும் படிகங்கள் சுழலும். அது பென்சாயிக் அமிலம். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் 3.4 கிராம்தான் அது கரையும். மேலே மிதக்கும் அந்தப் படிகத்தை வடிகட்டிவிட்டால் பிரிசர்வேட்டிவையே வடிகட்டி வெளியே போட்டதாகிவிடும். அதனால்தான் சர்ஃபாக்டன்ட் எல்லாம் கலந்த பிறகு, பாதிக்குப் பாதி கரைத்த சிட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலக்கிவிட்டுச் சேர்க்க வேண்டும். பி.எச். மீட்டரை 4க்கும் 7க்கும் உரிய பஃபர் கரைசலில் அன்றன்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். நிறம் மாறும் தாள் இந்த வேலைக்குப் போதாது. 5க்கும் 5.5க்கும் உள்ள வித்தியாசத்தை அதில் உறுதியாகப் படிக்க முடியாது, நமக்கோ அந்த அரைப் புள்ளிதான் எல்லாமே. கலந்த உடனே ஒரு முறை, 24 மணி நேரம் கழித்து இன்னொரு முறை அளக்க வேண்டும். டெசில் குளுக்கோசைடு என்ற சர்ஃபாக்டன்டைப் பயன்படுத்துபவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். அது வரும்போதே பி.எச். 11.5க்கு மேல் இருக்கும். அமிலம் சேர்க்க மறந்தால் பென்சோயேட் போட்டும் போடாத கதைதான்.

கெட்டிப்படுத்த உப்பு. அதையும் கரைசலாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும். உப்பு சேரச் சேர ஷாம்பு கெட்டியாகும், ஒரு கட்டத்தில் உச்சம் தொடும், அதைத் தாண்டினால் தண்ணீராக இறங்கிவிடும். இன்னும் கெட்டியாகட்டும் என்று அப்போது மேலும் உப்பைப் போட்டால் இன்னும் இளகும். பீட்டெய்னிலேயே உப்பு இருக்கிறது, பென்சோயேட்டும் உப்புதான். எனவே கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை. வாசனையும் பதத்தை மாற்றும். ஆகவே உப்பைக் கடைசிக்கு வையுங்கள்.

ஈ.டி.டி.ஏ. எதற்கு என்று சிலர் அதை விட்டுவிடுகிறார்கள். சூடோமோனாஸின் வெளிச்சவ்வைக் கட்டி நிறுத்துவது கால்சியமும் மெக்னீசியமும். ஈ.டி.டி.ஏ. அவற்றைப் பிடித்து இழுத்துவிடும். சவ்வு தளர்ந்தால் பிரிசர்வேட்டிவ் உள்ளே போக வழி கிடைக்கும். 0.1 சதவீதம்தான், ஆனால் அது இல்லாத ஷாம்புவும் இருக்கும் ஷாம்புவும் பரிசோதனையில் வேறு வேறாக நடந்துகொள்ளும்.

ஒரு பிரிசர்வேட்டிவ் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாது. பென்சோயேட்டும் சார்பேட்டும் ஈஸ்ட், பூஞ்சை மேல் வலிமையானவை, பாக்டீரியா மேல் சுமார். ஃபினாக்ஸிஎத்தனால் பி.எச். பற்றிக் கவலைப்படாமல் பாக்டீரியாவை அடக்கும், பூஞ்சையில் பலவீனம். இதன் உச்ச வரம்பு ஐரோப்பிய விதிப்படி 1 சதவீதம். பாலிசார்பேட் போன்ற அயனியற்ற சர்ஃபாக்டன்ட் அதிகம் இருந்தால் பாராபென் வகைப் பிரிசர்வேட்டிவ்கள் அதன் மூலக்கூறுகள் திரண்ட நுண்ணிய உருண்டைகளுக்குள் (மைசெல்) ஒளிந்துகொள்ளும், தண்ணீரில் இருக்கும் கிருமிக்கு எதுவும் எட்டாது. பென்சால்கோனியம் குளோரைடு என்ற கிருமிக்கொல்லியை லாரத் சல்ஃபேட்டோடு சேர்த்தால் எதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டும் வீணாகும்.

தொடக்கத்தில் சொன்ன அந்தக் கறுப்புப் புள்ளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. சூடாக இருக்கும்போதே பாட்டிலில் நிரப்பி மூடிவிட்டால், ஆவி மேலெழுந்து மூடியின் உட்புறத்தில் நீர்த்துளியாகப் படியும். அந்தத் துளி சுத்தமான தண்ணீர், அதில் உப்பும் கிடையாது, பென்சோயேட்டும் கிடையாது. கீழே இருக்கும் ஷாம்பு நன்றாகவே இருக்க, மேலே அந்த ஈரத்தில் பூஞ்சை முளைக்கும். 35 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகுதான் நிரப்ப வேண்டும்.

தயாரிக்கும் இடத்தில் கிருமி பெரும்பாலும் தண்ணீரோடுதான் வருகிறது. அயனி நீக்கிய தண்ணீரில் குளோரின் இருக்காது. கார்பன் வடிகட்டியும் ரெசின் படுகையும் கிருமிக்கு வசதியான வீடு. வார இறுதியில் ரப்பர் குழாயில் தேங்கி நின்ற தண்ணீரைத் திங்கள்கிழமை முதல் தொகுதியில் ஊற்றக் கூடாது, ஓடவிட்டுக் கொட்டிவிட வேண்டும். பாத்திரத்தை அலசியபின் ஈரத்தோடு விட்டுவைப்பதும் தவறு. அடியில் தங்கும் அந்த ஈரத்தில் பிரிசர்வேட்டிவ் கொல்ல முடியாத அளவுக்கு நீர்த்திருக்கும், தப்பிக்கும் கிருமி அதற்குப் பழகிவிடும். அப்படிப் பழகிய கிருமி ஒரு முறை வந்துவிட்டால் அதே ஃபார்முலா திடீரென்று தோற்கும். கழுவி, வடியவிட்டு, 70 சதவீத ஐசோப்ரொப்பில் ஆல்கஹால் தெளித்து உலரவிடுங்கள். 99 சதவீதம் இதைவிட நல்லது என்று நினைக்க வேண்டாம். கிருமியின் புரதத்தைச் சிதைக்க ஆல்கஹாலுக்குத் தண்ணீரும் வேண்டும்.

"இயற்கை" என்ற பெயரில் நடப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூலிகைக் கஷாயமும் கற்றாழைச் சோறும் கிருமிக்கு உணவு. கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடும் என்பதும் சரியில்லை. பேசிலஸ் வகை பாக்டீரியாவின் வித்துகள் 100 டிகிரியைத் தாங்கும், ஆறியதும் முளைக்கும். இப்படிச் செய்ததை அன்றே பயன்படுத்திவிட்டு மீதியைக் கொட்டிவிடுவதே சரி. காய்ந்த பொடியாக வைத்திருந்து தேவைப்படும்போது மட்டும் குழைத்துக்கொள்வது இதைவிடப் பாதுகாப்பு. கிரேப்ஃப்ரூட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் விதைச் சாறு இயற்கைப் பிரிசர்வேட்டிவ் என்று விற்கப்படுகிறது. சந்தையில் கிடைத்தவற்றைப் பகுத்துப் பார்த்தபோது பலவற்றில் பென்சத்தோனியம் குளோரைடு போன்ற செயற்கைப் பொருள்கள் இருந்தன, கிருமியைக் கொன்றது அவைதான்.

பாராபென் பயம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மார்பகக் கட்டித் திசுவில் பாராபென் இருந்ததாக 2004ல் ஓர் ஆய்வு வந்தது. அது புற்றுநோயை உண்டாக்குகிறது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் பல நிறுவனங்கள் பாராபெனைக் கைவிட்டன, அந்த இடத்துக்குப் பல தயாரிப்புகளில் மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற பிரிசர்வேட்டிவ் வந்தது. அதனால் தோல் ஒவ்வாமை பெருகி, 2013ல் அமெரிக்கத் தொடர்பு தோல் அழற்சி சங்கம் அதை ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. இன்று ஐரோப்பாவில் கழுவாமல் விடும் கிரீம், லோஷனில் அது கூடாது. கழுவிவிடும் பொருளில் கிலோவுக்கு 15 மில்லிகிராம்தான் வரம்பு. அதே சங்கம் 2019ல் பாராபென்களை ஒவ்வாமை தராத பொருளாகச் சுட்டியது. ஐரோப்பா 2014ல் ஐந்து வகை பாராபென்களைத் தடை செய்தது உண்மை. மெத்தில், எத்தில் பாராபென்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

விற்பனைக்குத் தயாரிப்பவர்கள் ஐ.எஸ்.ஓ. 11930 பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. ஈ.கோலி உட்பட மூன்று வகைப் பாக்டீரியா, ஓர் ஈஸ்ட், ஒரு பூஞ்சை என ஐந்து கிருமிகளை வேண்டுமென்றே ஷாம்புவில் விட்டு, 7, 14, 28ஆம் நாட்களில் எண்ணுவார்கள். பாக்டீரியா 7 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்து, பிறகு பெருகாமல் இருந்தால்தான் முதல் தரத் தேர்ச்சி. ஒரே ஒரு மாதிரியில் "கிருமி இல்லை" என்று வந்த சாதாரண அறிக்கை இதற்கு ஈடாகாது. அது அன்று சுத்தமாக இருந்தது என்பதை மட்டும் சொல்லும்.

வாங்கிப் பயன்படுத்துபவர்கள் செய்யும் ஒரு காரியம், தயாரித்தவர் பட்ட பாட்டை எல்லாம் கெடுத்துவிடும். பாட்டில் அடியில் 50 மில்லி மீதி இருக்கும்போது அதே அளவு தண்ணீர் ஊற்றிக் குலுக்குவது. பிரிசர்வேட்டிவ் அந்த நொடியே பாதியாகிறது, குழாயில் இருந்த கிருமியும் உள்ளே போகிறது. அப்படிச் செய்தால் அன்றே தீர்த்துவிடுங்கள், அடுத்த வாரத்துக்கு வைக்காதீர்கள். பம்ப் பாட்டிலில் மீண்டும் நிரப்பும்போது பழைய ஷாம்பு மேல் புதியதை ஊற்ற வேண்டாம். பாட்டிலைக் கழுவி, பம்பையும் வெந்நீர் இழுக்கவிட்டு, இரண்டும் உள்ளே ஈரமில்லாமல் காய்ந்த பிறகு நிரப்புங்கள். வழக்கத்தைவிட ஷாம்பு நீர்த்துப்போயிருந்தாலும், அடுக்காகப் பிரிந்திருந்தாலும், மூடியைத் திறக்கும்போது காற்று அடைத்திருந்தது போலச் சத்தம் வந்தாலும், வாசனை நன்றாக இருந்தாலும்கூட அதைத் தலைக்குப் போட வேண்டாம்.