எந்தக் குரங்கு?

எங்கள் ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வந்த மாணவி, தன் மீளாய்வுக் கட்டுரையின் முதல் வரைவை நீட்டினார். "அக்கா, ஒரு தடவை பார்த்துடுங்க." இரண்டாவது பத்தியிலேயே நின்றுவிட்டேன். 'நோலெசி மலேரியா குரங்குகளைக் கொல்லும்' என்று எழுதியிருந்தார். எந்தக் குரங்கை?

நோலெசி என்பது மலேரியா உண்டாக்கும் ஓர் ஒட்டுண்ணி. சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டில் நாம் பார்க்கும் நீண்டவால் குரங்கு இதற்கு இயல்பான ஓம்புயிரி, அதாவது அது தங்கி வாழும் உயிர். அதன் ரத்தத்தில் இருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதையே ரீசஸ் என்ற வேறு இனக் குரங்குக்கு ஏற்றினால் சில நாட்களில் குரங்கு செத்துவிடும். பழகிய உடலில் அடங்கிக் கிடக்கும் கிருமி பழகாத உடலில் தறிகெட்டுப் பெருகுகிறது. நாம் படிக்க வந்ததே இதைத்தான். 'குரங்கு' என்று பொதுவாக எழுதினால் அது அப்படியே தொலைந்துபோகிறது.

மாணவி கடைசிப் பத்தாண்டுக் கட்டுரைகளின் சுருக்கங்களை மட்டும் படித்திருந்தார். பழையவற்றைத் தேடச் சொன்னேன். மறுநாள் ஓடிவந்தார். "அக்கா, அந்தக் குரங்கே நம்ம ஊர்லேர்ந்து போனதாம்!" உண்மைதான். 1931இல் கல்கத்தாவில் இந்த ஒட்டுண்ணியைப் பார்த்தது, சிங்கப்பூரிலிருந்து கொண்டுபோன நீண்டவால் குரங்கின் ரத்தத்தில். மனிதருக்கும் அது தொற்றும் என்று 1932இல் நோல்ஸ், தாஸ் குப்தா என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அப்புறம் 2004இல் வந்தது மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், காப்பிட் வட்டாரத்தில் நடந்த ஆய்வு. பால்பீர் சிங் குழுவினர் மரபணுச் சோதனை செய்த 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு நோலெசி. நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் பெரும்பாலும் 'மலேரியே' என்ற இன்னொரு மலேரியா ஒட்டுண்ணி என்றே எழுதியிருந்தார்கள். கண்ணுக்கு இரண்டும் அவ்வளவு ஒன்றுபோல இருக்கும். ஆனால் மலேரியே ஒரு சுற்றுப் பெருக 72 மணி நேரம் எடுக்கும், நோலெசிக்கு 24 மணி நேரம் போதும். சிகிச்சை நாள் தள்ளினால் உயிருக்கே ஆபத்து.

சிங்கப்பூரை மலேரியா இல்லாத நாடு என்று 1982இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனாலும் 2007இல் இங்கே காட்டுப் பயிற்சிக்குப் போன ராணுவ வீரர் ஒருவருக்கு நோலெசி வந்தது. மலேசியாவில் ஜொகூர், பகாங் பக்கம் காட்டில் தங்கிவிட்டு வந்தபின் காய்ச்சல் அடித்தால், டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். டெங்கி இல்லை என்று ரிசல்ட் வந்த பிறகும் சொல்லுங்கள்.

மாணவியின் வரி இப்போது இப்படி இருக்கிறது: 'ரீசஸ் குரங்குக்கு உயிர்க்கொல்லி, நீண்டவால் குரங்கில் பெரும்பாலும் லேசான தொற்று.' ஓரத்தில் பென்சிலால் 1932 என்று குறித்துவைத்து, அந்த மூலக் கட்டுரையை நூலகத்தில் கேட்டிருக்கிறார்.