கடிகாரம் 23, கைத்தொலைபேசி 29: கிரகரி வாவியில் எந்த வேகத்தை எழுதுவது?

நுவரெலியாவின் கிரகரி வாவியில் பாய்ப்பலகையில் (விண்ட்சேர்ஃபிங்) ஓடிவிட்டுக் கரையேறுகிறீர்கள். கையில் கட்டிய ஜிபிஎஸ் கடிகாரம் உச்ச வேகம் 23.6 நொட் (ஒரு நொட் மணிக்கு 1.85 கிலோமீற்றர்) என்கிறது. லைஃப் ஜக்கெட்டுக்குள் இருந்த கைத்தொலைபேசியோ 29.2 என்கிறது. வட்ஸ்அப் குழுவுக்கு அனேகமாக இரண்டாவதுதான் போகும்.

எது சரி என்று கேட்பதற்கு முன், இரண்டும் ஒன்றையேதான் அளந்தனவா என்று பாருங்கள். பெரும்பாலும் இல்லை. ஜிபிஎஸ்ஸில் வேகம் எடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இந்தச் செக்கன் எங்கே நின்றேன், அடுத்த செக்கன் எங்கே நின்றேன் என்று இரண்டு புள்ளிகளைக் குறித்து, இடைத்தூரத்தை நேரத்தால் வகுப்பது. மற்றது டொப்ளர். செய்மதி 1575.42 மெகாஹேர்ட்ஸில் அனுப்பும் அலை, நீங்கள் நகரும்போது சற்றே மாறிய அதிர்வெண்ணில் வந்து சேரும். அந்த மாற்றத்திலிருந்தே வேகத்தைக் கணிக்கலாம். அலைநீளம் சுமார் 19 சென்ரிமீற்றர்தான் என்பதால் டொப்ளர் வேகம் மிக நுட்பமானது. இருக்கும் இடத்தை 3 மீற்றர் பிழையோடு சொல்லும் அதே கருவி, திறந்த வானத்தில் வேகத்தைச் செக்கனுக்கு 0.1 மீற்றர் அளவு பிழைக்குள் சொல்லிவிடும்.

மேலே சொன்ன 29.2 எப்படி வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உண்மையான வேகம் செக்கனுக்கு 12 மீற்றர், அதாவது 23.3 நொட் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு புள்ளி 3 மீற்றர் முன்னால் தவறி விழுந்தால், அந்தச் செக்கனில் 15 மீற்றர் ஓடியதாகக் கணக்கு வரும். அது 29.2 நொட். அதே பிழை 10 செக்கன் ஓட்டத்தின் கடைசியில் வந்தால் 120க்குப் பதில் 123 மீற்றர்; சராசரி 23.9 நொட்தான். ஒரே தவறு ஓரிடத்தில் 6 நொட்டைக் கூட்டுகிறது, இன்னோரிடத்தில் 0.6ஐத்தான் கூட்டுகிறது. ஆகவே உச்ச வேகத்தை வைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை. 10 செக்கன் சராசரியையோ 500 மீற்றர் சராசரியையோ ஒப்பிடுங்கள். உலகச் சாதனையும் அப்படித்தான்: 2012 நவம்பரில் நமீபியாவின் வோல்விஸ் குடாவில் போல் லார்சன் ‘வெஸ்டாஸ் செயில்ரொக்கட் 2’ படகில் எட்டிய 65.45 நொட், 500 மீற்றர் ஓட்டத்தின் சராசரி.

இனிக் கோப்பு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஓடிய தடத்தைப் பரிமாறப் பலரும் பயன்படுத்தும் ஜிபிஎக்ஸ் 1.1 கோப்பு வடிவத்தில் வேகத்துக்கென்று தனி இடம் இல்லை. அப்படி ஏற்றுமதி செய்தால் டொப்ளர் எண் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மென்பொருள் புள்ளிகளிலிருந்து வேகத்தை மறுபடி கணிக்கும். ஒரே கருவி, ஒரே ஓட்டம், இரண்டு எண்கள்! கருவி தருகிற மூலக் கோப்பையே (ஃபிட், எஸ்பிபி, யூபிஎக்ஸ், ஓஏஓ) எடுத்து வையுங்கள். கார்மின் கடிகாரமானால் பதிவு முறையை ‘ஸ்மார்ட்’ என்பதிலிருந்து ‘ஒவ்வொரு செக்கனும்’ என்று மாற்றுங்கள். ஸ்மார்ட் முறை இடையில் புள்ளிகளைத் தவிர்ப்பதால் 10 செக்கன் சராசரியின் தொடக்கமும் முடிவும் நழுவிப்போகும்.

அலகையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 27 நொட் என்பது மணிக்கு 50 கிலோமீற்றர். மணிக்கு 27 மைல் என்பது 23.5 நொட்தான். சிரிப்பாக இருக்கும், ஆனால் பல வாக்குவாதங்கள் இதோடு முடிந்துவிடும்.

கருவியை எங்கே கட்டுவது? மேற்கையின் வெளிப்புறம் அல்லது ஹெல்மட்டின் மேல். மணிக்கட்டில் கட்டினால் பாயை இழுத்து ஆட்டும்போது கை வீசும் வேகமும் சேர்ந்து பதிவாகும். டொப்ளர் அதை உண்மையாகத்தான் அளக்கிறது. ஆனால் அது கையின் வேகம், பலகையின் வேகமல்ல. நெஞ்சுப் பக்கம் ஜக்கெட்டுக்குள் கைத்தொலைபேசியை வைத்தால் உங்கள் உடம்பே பாதி வானத்தை மறைத்துவிடும். உறைமேல் படியும் தண்ணீரும் சமிக்ஞையை விழுங்கும். பனிமூட்டத்தைப் பழி சொல்லாதீர்கள், இந்த அலைவரிசைக்கு மூட்டம் ஒரு பொருட்டே இல்லை. தண்ணீரில் விழும்போதுதான் உண்மையான கோளாறு: கருவி மூழ்கிச் சமிக்ஞை அறுந்து, மேலே வந்ததும் புள்ளி ஒரேயடியாகத் தாவும். உச்ச வேகம் நீங்கள் விழுந்த இடத்திலோ பலகையைத் திருப்பிய இடத்திலோ பதிவாகியிருந்தால் யோசிக்காமல் தள்ளுங்கள்.

மலையால்தான் பிழை என்பதும் பாதி உண்மைதான். கிரகரி வாவியின் நடுவிலிருந்து பார்த்தால் பிதுருதலாகலை மலை அடிவானத்துக்கு மேல் 10 பாகைக்கும் குறைவாகத்தான் எழுகிறது. அவ்வளவு தாழ்வாக நிற்கும் செய்மதிகளைக் கருவிகள் எப்படியும் அதிகம் நம்புவதில்லை. செங்குத்தான சரிவின் அடியோடு ஓடும்போது நிலைமை வேறு. காசல்ரீ, கொத்மலை நீர்த்தேக்கங்களின் ஒடுங்கிய கிளைகளில் வானத்தின் ஒரு பக்கம் முழுவதும் அடைபடும். (நீர்த்தேக்கத்தில் இறங்க முன் அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) அங்கே ஓட்டத்தைக் கரையிலிருந்து விலக்கி வையுங்கள். இறங்க முன், திறந்த வெளியில் 15 நிமிடம் கருவியை இயக்கி வையுங்கள். எந்தச் செய்மதி எங்கே இருக்கும் என்று சொல்லும் அட்டவணை செய்மதியிலிருந்து கருவிக்கு முழுதாக வந்துசேர 12.5 நிமிடம் எடுக்கும்.

உயரம் பற்றியும் கேட்பார்கள். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்க, சில கருவிகள் 1,770 அளவில் காட்டும். கருவி பழுதில்லை. இலங்கையைச் சுற்றி கடல்மட்டம், பூமியின் வடிவமாக ஜிபிஎஸ் எடுத்துக்கொள்ளும் கணித நீள்கோளத்துக்கு ஏறத்தாழ 100 மீற்றர் கீழே கிடக்கிறது. அந்தத் திருத்தத்தைச் செய்யாத கருவி அப்படித்தான் சொல்லும். வேகத்துக்கு இதனால் பாதிப்பில்லை. இந்த உயரத்தால் தூரக் கணக்கில் வரும் வித்தியாசமும் 0.03 வீதம்தான், 500 மீற்றரில் 15 சென்ரிமீற்றர். ஆனால் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறிலொரு பங்கு குறைவு. திருகோணமலையில் 20 நொட் காற்று தரும் இழுவையை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. எண் குறைந்து வந்தால் கருவியைச் சந்தேகிக்க முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கோப்புகளை ஒப்பிடும்போது ‘ஜிபிஎஸ் ஸ்பீட்ரீடர்’ போன்ற மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். கோடுகள் சரியாக 18 செக்கன் விலகி நின்றால், ஒன்று ஜிபிஎஸ் நேரத்திலும் மற்றது உலக நேரத்திலும் (யூரிசி) இருக்கிறது; இரண்டுக்கும் இடைவெளி அவ்வளவுதான், நகர்த்திப் பொருத்துங்கள். பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் கருவியே சொல்லும் வேகப் பிழை மதிப்பீட்டைப் பாருங்கள். செக்கனுக்கு 0.3 மீற்றர் என்றால் அது 0.6 நொட். இரண்டு 10 செக்கன் சராசரிகளும் அந்தப் பிழை எல்லைக்குள் ஒன்றையொன்று தொட்டால் முரண்பாடே இல்லை. எந்தக் கருவியை எழுதுவது என்று ஓட முன்பே தீர்மானித்திருந்தீர்களோ அதை எழுதுங்கள். ஓடி முடித்து எண்ணைப் பார்த்தபின் தெரிவு செய்தால் மனம் எப்போதும் பெரியதன் பக்கமே சாயும். தொடவில்லை என்றால் வேகக் கோட்டில் ஊசி மாதிரி எழுந்து அடுத்த செக்கனே விழும் முனைகளைத் தேடுங்கள். சீராக ஓடும் பலகை ஒரே செக்கனில் 6 நொட் கூடி, மறு செக்கனில் 6 நொட் குறையாது. அதுவும் கைகொடுக்காவிட்டால் அந்த ஓட்டத்தை விட்டுவிட்டு, அன்றைய அடுத்த நல்ல ஓட்டத்தை எடுத்துக்கொள்வதே நேர்மை.

சிலவேளை வரைபடத்தில் உங்கள் தடம் தரைமேல் ஓடுவதுபோல் தெரியும். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் நீர் இறங்கினால் பழைய மஸ்கெலியாவின் கோயில்கூட வெளியே தெரியும். செய்மதிப் படம் அப்படியொரு வறண்ட மாதத்தில் எடுக்கப்பட்டிருந்தால், நிரம்பிய நீரில் நீங்கள் ஓடிய தடம் அதில் சேற்றுமேல்தான் விழும். அந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள்.