கார்டைச் செருகும்போது பணம் நகர்வதில்லை

நியூயார்க்கில் ஓர் உணவகம். பில் 60 டாலர். பரிமாறியவர் உங்கள் இந்திய கிரெடிட் கார்டை வாங்கிக்கொண்டு போய், சற்று நேரத்தில் ஒரு சீட்டோடு திருப்பித் தருகிறார். சீட்டின் அடியில் டிப்ஸ் எழுத ஒரு கோடு காலியாக இருக்கிறது. 12 என்று எழுதி, மொத்தம் 72 என்று கூட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வருகிறீர்கள். ஃபோனுக்கு வந்த குறுஞ்செய்தியில் 60 டாலர் என்றுதான் இருக்கிறது. ஆனால் ஸ்டேட்மென்ட் வரும்போது 72 டாலருக்கான ரூபாய் ஏறியிருக்கும். கார்டு உங்கள் பர்ஸுக்குள் போன பிறகு அந்த 12 டாலரை எப்படி எடுத்தார்கள்?

அந்த 60 டாலரையே அப்போது யாரும் எடுக்கவில்லை என்பதுதான் பதில். கார்டு வேலை செய்வது நிச்சயதார்த்தம், கல்யாணம் என்று இரண்டு கட்டமாக. மெஷினில் செருகியதும் நடப்பது நிச்சயதார்த்தம் மட்டும். 'இந்தத் தொகைக்கு நாங்கள் பொறுப்பு' என்று வங்கி வாக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பணம் கைமாறுவது ஒன்றிரண்டு நாள் கழித்து. டிப்ஸ், ஹோட்டல்காரர் பிடித்துவைக்கும் தொகை, ரூபாயா டாலரா என்ற கேள்வி, ரீஃபண்டில் குறைகிற காசு எல்லாமே இந்த இடைவெளியில் விளைபவை.

முதல் கட்டத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கார்டில் பொன்னிறமாகத் தெரிவது வெறும் தொடுமுனை. அதன் அடியில் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. மெஷின் அதற்குச் சில விவரங்களைக் கொடுக்கிறது: தொகை, தேதி, நாணயத்தின் எண் (டாலருக்கு 840, ரூபாய்க்கு 356), அந்த நொடியில் தோன்றிய ஒரு தற்செயல் எண். சிப் இவற்றோடு, இதுவரை எத்தனை முறை பயன்பட்டிருக்கிறோம் என்ற தன் சொந்தக் கணக்கையும் சேர்த்து, தன்னிடமுள்ள ரகசியச் சாவியால் ஒரு குறியீட்டை உருவாக்குகிறது. அந்தச் சாவியைக் கொண்டு கணக்குப் போடக்கூடியவர்கள் இரண்டே பேர்தான்: சிப், கார்டு கொடுத்த வங்கி. கடைக்காரருக்கோ அவருடைய மெஷினுக்கோ அது தெரியாது.

குறியீடு கடைக்காரரின் வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து விசா அல்லது மாஸ்டர்கார்டு வலையமைப்புக்கு. கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களைப் பார்த்தே அது எந்த நாட்டின் எந்த வங்கிக் கார்டு என்று வலையமைப்பு கண்டுபிடித்து இந்தியாவுக்கு அனுப்பிவிடும். உங்கள் வங்கி அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கிறது. விடை ஒத்துப்போய், கார்டில் போதிய வரம்பும் இருந்தால் சம்மதம் திரும்பிப் போகிறது. உலகத்தைப் பாதி சுற்றி வர ஆவது சில நொடிகள். பழைய காந்தப் பட்டையில் இந்த வசதி கிடையாது. அதிலிருக்கும் விவரம் எப்போதும் ஒன்றே என்பதால், ஒருமுறை திருடியவர் எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம். சிப்பின் குறியீடு ஒவ்வொரு முறையும் புதிது. பழையதைத் திருடிப் பயனில்லை.

இத்தனை கெட்டியான பூட்டு அந்த 60 டாலருக்குத்தான். மீதி 12 டாலருக்கு இருக்கும் சாட்சி, சீட்டில் நீங்கள் பேனாவால் போட்ட கையெழுத்து! கடையை மூடும் நேரத்தில் ஊழியர் ஒவ்வொரு சீட்டாக எடுத்து, டிப்ஸ் தொகையை மெஷினில் ஏற்றி, அன்றைய கணக்கை மொத்தமாக அனுப்புகிறார். கல்யாணம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒப்புதல் வாங்கியதைவிட ஓரளவு கூடுதலாக வசூலிக்க உணவகங்களுக்கு வலையமைப்பின் விதியிலேயே இடம் உண்டு. ஒவ்வொரு வணிக வகைக்கும் ஓர் எண் இருக்கிறது. மேசைக்கு வந்து பரிமாறும் உணவகத்துக்கு 5812. துணிக்கடைக்காரர் இதே வேலையைச் செய்தால் கேள்வி வரும். சீட்டின் உங்கள் பிரதியை ஸ்டேட்மென்ட் வரும்வரை வைத்திருங்கள் என்று சொல்வது இதனால்தான். 12ஐ யாராவது 22 ஆக ஏற்றிவிட்டால் காட்டுவதற்கு உங்களிடம் வேறு ஆதாரம் இருக்காது. இப்போது மெஷினையே மேசைக்குக் கொண்டுவந்து, டிப்ஸைச் சேர்த்த பிறகே கார்டைத் தொடச் சொல்லும் கடைகளும் பெருகிவருகின்றன. அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் வேரூன்றியதற்குச் சம்பளச் சட்டமும் ஒரு காரணம். அங்கே மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். ஆனால் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டியது 2.13 டாலர் மட்டுமே. 1991 முதல் இந்தத் தொகை மாறவில்லை. மிச்சத்தை டிப்ஸ் நிரப்பும் என்பது கணக்கு. நிரப்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும். பல மாநிலங்கள் இதைவிட உயர்ந்த கூலி வைத்திருந்தாலும், 15 முதல் 20 சதவீதம் என்ற வழக்கம் நாடு முழுக்க நிலைத்துவிட்டது. அங்கே டிப்ஸ் என்பது பெயருக்குத்தான் அன்பளிப்பு. உண்மையில் சம்பளத்தின் பாதியை வாடிக்கையாளர் தலையில் கட்டும் ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது. பிரான்ஸில் சேவைக்கான கட்டணம் விலைப்பட்டியலிலேயே அடக்கம். சிங்கப்பூரில் பல உணவகங்கள் 10 சதவீதச் சேவைக் கட்டணத்தை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவதால் மேற்கொண்டு வைக்க வேண்டியதில்லை. ஜப்பானில் மேசையில் காசு வைத்துவிட்டு வந்தால், மறந்து விட்டுவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடிவந்து கொடுப்பார்கள்.

ஹோட்டலில் நடப்பது இதன் தலைகீழ். அறைக்குள் போகும்போதே உத்தேசமாக ஒரு பெரிய தொகைக்கு ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கிளம்பும்போது உண்மையான பில் தொகையை மட்டும் எடுப்பார்கள். நடுவில் பூட்டிவைத்த தொகை விடுபடச் சில நாள் ஆகலாம். கிரெடிட் கார்டில் குறைவது கடன் வரம்பு மட்டும். டெபிட் கார்டென்றால் உங்கள் சொந்தப் பணமே முடங்கிக் கிடக்கும், அதுவும் ஊர் தெரியாத ஊரில். ஹோட்டலுக்கும் வாடகைக் காருக்கும் டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள்.

அதிகம் பணம் கரைவது வேறோர் இடத்தில். பாங்காக்கிலோ துபாயிலோ கார்டைச் செருகியதும் மெஷினின் திரையில் ஒரு கேள்வி வரும்: ரூபாயில் செலுத்துகிறீர்களா, உள்ளூர் நாணயத்திலா? ரூபாய் என்றதும் நம் ஊர்க் காசு, கணக்குத் தெளிவாகப் புரியும் என்று விரல் தானாக அங்கே போகும். அந்தக் கேள்விக்கு உண்மையான அர்த்தம், நாணயத்தை மாற்றும் வேலையை யார் செய்வது என்பதே. உள்ளூர் நாணயம் என்று சொன்னால் விசாவோ மாஸ்டர்கார்டோ மாற்றுகிறது. அவை அன்றாடம் நிர்ணயிக்கும் விகிதம் சந்தை விலையை ஒட்டியே இருக்கும். ரூபாய் என்று சொன்னால் கடைக்காரரின் வங்கி தரப்பு தன் விருப்பப்படி ஒரு விகிதம் வைக்கும். கிடைக்கும் லாபத்தில் கடைக்காரருக்கும் பங்கு உண்டு. அதனால்தான் சில இடங்களில் உங்களைக் கேட்காமல் அவர்களே ரூபாய் பட்டனை அழுத்தப் பார்ப்பார்கள்.

கணக்குக்காக டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 டாலர் பில், 8,500 ரூபாய். டாலரிலேயே கொடுத்தால் உங்கள் வங்கி 3.5 சதவீதம் கூடுதல் கட்டணம் போடும் என்று கொள்வோம்: 297.50 ரூபாய். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 53.55 ரூபாய். மொத்தம் 8,851 ரூபாய். ரூபாயைத் தேர்ந்தெடுத்து, கடைக்காரர் தரப்பு 6 சதவீதம் ஏற்றிய விகிதம் வைத்திருந்தால் 9,010 ரூபாய். இதோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பில் ரூபாயில் வந்தாலும் கடை வெளிநாட்டுக் கடைதானே என்று பல இந்திய வங்கிகள் இதற்கும் தனியாக ஒரு கட்டணம் போடுகின்றன. அது 1 சதவீதம் என்றாலே ஜிஎஸ்டியோடு சேர்த்து 9,116 ரூபாய் ஆகிவிடும். ஒரே சாப்பாட்டுக்கு 265 ரூபாய் வித்தியாசம். வெளிநாட்டு ஏடிஎம் திரையிலும் இதே கேள்வி, 'உறுதியான விகிதம்' என்பது போன்ற ஆசை வார்த்தைகளோடு வரும். மறுத்துவிட்டாலும் பணம் வந்துவிடும். வேறு விகிதத்தில், அவ்வளவுதான்.

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தாலும் கணக்கு சரியாக நேராவதில்லை. திரும்பி வரும் டாலர் வேறொரு நாள் விகிதத்தில் ரூபாயாகிறது. முதலில் பிடித்த கூடுதல் கட்டணத்தைப் பல வங்கிகள் திருப்பித் தருவதுமில்லை.

ரொக்கத்தில் இந்த இடைவெளி கிடையாது. கொடுத்ததும் கணக்கு முடிந்தது. அதற்கான விலையை முன்னாலேயே கொடுத்துவிடுகிறோம். நாணயம் மாற்றுபவர் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் பெரிய தூரம் வைப்பதற்குக் காரணம், நோட்டு என்பது சரக்கு. அதைக் கொண்டுவர வேண்டும், காப்பீடு செய்ய வேண்டும், கள்ள நோட்டு பார்க்க வேண்டும், விற்கும்வரை வட்டியில்லாமல் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். விமான நிலையத்தில் கடை வாடகையும் இதில் சேரும். எனவே இறங்கியதும் டாக்ஸிக்கும் தண்ணீருக்கும் ஆகிற அளவு மட்டும் கையில் இருந்தால் போதும். ஏடிஎம்மில் எடுப்பதானால் அடிக்கடி எடுக்காமல் மொத்தமாக எடுப்பது நல்லது. தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் பிடித்துக்கொள்ளும் ஏடிஎம்கள் உண்டு, ஆயிரம் எடுத்தாலும் சரி, பத்தாயிரம் எடுத்தாலும் சரி. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

கிளம்புமுன் வங்கியின் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிவைப்பதும் அவசியம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 அக்டோபர் முதல் புதிய கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டும் வேலை செய்யும்படியே வருகின்றன. ஊர் திரும்பியதும் அதை அணைத்துவிடுங்கள். பல வெளிநாட்டு இணையதளங்கள் ஓடிபி கேட்காமலேயே கார்டில் பணம் எடுத்துவிடும்.

நம் ஊரில் யுபிஐ இந்த இரண்டு கட்டத்தையும் ஒன்றாக்கிவிட்டது. வங்கிகள் தங்களுக்குள் பிறகு நேர்செய்துகொண்டாலும், பின் எண்ணைப் போட்டதுமே உங்கள் கணக்கில் குறைந்து கடைக்காரர் கணக்கில் ஏறிவிடுகிறது. பிறகு தொகையைக் கூட்ட வழியே இல்லை. எனவே பில்லை ஸ்கேன் செய்து கட்டியபின் பரிமாறியவருக்குக் கொடுக்க நினைத்தால் பையில் சில்லறை தேட வேண்டும், இல்லையென்றால் அவருடைய ஃபோனைக் காட்டச் சொல்லி இன்னொரு முறை ஸ்கேன் செய்ய வேண்டும். இதில் ஒரு நன்மை, அந்த 20 ரூபாய் முதலாளியின் கல்லாவைச் சுற்றாமல் நேரே அவரிடம் சேர்கிறது. பில்லிலேயே சேவைக் கட்டணம் போட்டிருந்தால் நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உணவகங்கள் அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்ற 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலை டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது.